பிரான்ட்ஃபோர்ட் பெல் நினைவுச்சின்னத்தில் தொலைபேசி எங்கே?

வழிப்போக்கன்:
போன ஞாயிறு கனடாவில் ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டுக்குப் போயிருந்தோம். தொலைபேசி கண்டுபிடித்ததற்கு எழுப்பிய சின்னம் என்றார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்தும் தொலைபேசி கண்ணில் படவில்லை, கிரகாம் பெல்லும் படவில்லை. இரண்டு வெண்கலப் பெண்கள் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி. நடுப்பலகையில் சிலர் மிதக்கிறார்கள். யார் இவர்கள்?

கல்லுளி:
பெண்கள் இருவரும் மனிதகுலம். ஒருத்தி பேசுகிறாள், மற்றவள் கேட்கிறாள். சிற்பி வால்ட்டர் ஆல்வர்ட். பிரான்சில் விமி போர் நினைவுச்சின்னத்தைப் பிற்பாடு செய்தவரும் அவரே. 1917 அக்டோபர் 24 அன்று திறப்பு விழா. பெல் நேரில் வந்திருந்தார்.

மணியோசை:
நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு நடுவே விட்ட தூரம்தான் தொலைபேசி என்று எனக்குத் தோன்றும்.

பலகையில் சாய்ந்திருப்பவன் மனிதன். ஒலியைத் தூரத்துக்கு அனுப்ப உன்னால் முடியும் என்று அகத்தூண்டுதல் அவனிடம் கிசுகிசுக்கிறது. மிதந்து வருகிறவர்கள் அறிவு, மகிழ்ச்சி, துயரம். இந்த மூன்றாவது உருவத்துக்காகவே ஆல்வர்டைக் கும்பிடத் தோன்றுகிறது. ஒரு கண்டுபிடிப்பைக் கொண்டாடும் இடத்தில் துயரத்துக்கும் இடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அதுவும் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

1998இல் அப்பா போன செய்தி எனக்குத் தொலைபேசியில்தான் வந்தது. விடியற்காலை நாலு மணி. அக்கா பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. அதிலேயே தெரிந்துவிட்டது. அதே கருவியில்தான் இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பேத்தி பிறந்த செய்தியும் வந்தது.

வழிப்போக்கன்:
அப்பா விஷயம் மனசைப் பிசைகிறது. பெல் பாஸ்டனில்தானே வேலை செய்தார், இங்கே ஏன் சின்னம்?

மணியோசை:
1874 கோடையில் இங்கே பெற்றோர் வீட்டில் இருந்தபோதுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது. பாஸ்டனில் 1876 மார்ச் 10 அன்று தன் உதவியாளர் வாட்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டது பக்கத்து அறையிலிருந்து. ஆகஸ்ட் 10 அன்று பிரான்ட்ஃபோர்டிலிருந்து பாரிஸ் என்ற சிற்றூருக்குக் குரல் போனது, சுமார் 13 கிலோமீட்டர். ஒருவழி மட்டும்தான். பெல் பாரிஸில் உட்கார்ந்து கேட்டார். பதில் சொல்ல வேண்டுமென்றால் தந்திதான் அடிக்க வேண்டும். அன்றைக்கு அவர் அந்தக் கேட்கும் பெண்ணின் இடத்தில் இருந்தார்.

அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அடுத்த முறை அங்கேயும் போய்விட்டு, சின்னத்தைச் சாயங்கால வெயிலில் பாருங்கள்.