குளிரில் பைக் ஓட்டியபோது எது கைகொடுத்தது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தொடங்கி வைப்பவர்

குளிர் தலைகாட்டியதும் "எந்த ஜாக்கெட் வாங்கலாம்?" என்ற கேள்வியும் வந்துவிடும். பெயர்களை அடுக்குவதைவிட, குளிரில் ஓட்டும்போது உங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும். நானே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை பைக்கில் நம்மை வாட்டுவது காற்றுதான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது சும்மா நின்றால் ஒரு ஸ்வெட்டர் போதும். அதே 10 டிகிரியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது சுமார் 4 டிகிரி போல உறைக்கும். 5 டிகிரியில் ஓட்டினால் மைனஸ் 3-ஐ நெருங்கும். வானிலைத் துறையினர் பயன்படுத்தும் காற்றுக்குளிர் கணக்கு இது.

ஒரு மலைச்சரிவில் இறங்கும்போது உடன் வந்த நண்பருக்கு உதடெல்லாம் நடுங்கியது. வலைத்துணி ஜாக்கெட்டுக்குள் நல்ல தடிமனான கம்பளி ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார். பையில் இருந்த மெல்லிய மழைக்கோட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டார். கொஞ்ச தூரத்திலேயே நடுக்கம் அடங்கிவிட்டது. கம்பளி இழைகளுக்கு நடுவே தேங்கி நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்று கலையாமல் இருக்க, வெளியே காற்றுப் புகாத ஓர் அடுக்கு வேண்டும். மேல் அடுக்கு காற்றை உள்ளே விட்டால், எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் வீண்தான்.

உடம்பை ஒட்டிய அடுக்கில் பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே போகும். மேரினோ கம்பளி அல்லது வியர்வையை வெளியே கடத்தும் பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, அதற்கு மேல் ஃபிளீஸ் (பஞ்சு போல மென்மையான செயற்கைத் துணி), அதற்கும் மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். நான் நம்பிப் போடுவது இதைத்தான்.

விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்புகிறவர்

நான் தினமும் ஓட்டுவது அதிகாலையில்தான். எனக்கு முதலில் போவது விரல்கள். சுண்டுவிரலில் ஊசி குத்துவது போலத் தொடங்கி, அப்புறம் வலியே தெரியாமல் மரத்துவிடும். வலி நின்றுவிட்டதே என்று ஆறுதல் அடைய வேண்டிய கட்டம் இல்லை அது. பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அப்போது விரலுக்குத் தெரியாது.

கையுறை வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று, விரல் நுனியில் சிறிது இடம் இருக்க வேண்டும். இறுக்கமான கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ரத்த ஓட்டத்தை நெருக்கிக் கையை மேலும் குளிர வைக்கும். மெல்லிய பட்டு உள்ளுறை சேர்க்கப் போகிறீர்களா? அதைப் போட்டுக்கொண்டே அளவு பாருங்கள். இரண்டு, கையுறையோடு க்ளட்ச், இண்டிகேட்டர், ஹார்ன் மூன்றையும் இயக்கிப் பாருங்கள். சுவிட்சைத் தேடித் தடவும் அளவுக்குத் தடிமனாக இருந்தால் எவ்வளவு சூடாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

நீளமான மணிக்கட்டு உள்ள கையுறைதான் குளிருக்கு நல்லது. சும்மா குளிர் என்றால் கையுறை ஜாக்கெட் கைக்கு மேலே வருவது போல மாட்டுகிறேன், அப்போது கைக்குள் காற்று ஏறாது. மழையும் சேர்ந்தால் கையுறையை ஜாக்கெட் கைக்குள்ளே விட்டுவிடுவேன். என் பைக்கில் கைகள் ஹேண்டிலை நோக்கிச் சரிந்து இருப்பதால், வெளியே விட்டால் தண்ணீர் வழிந்து நேராகக் கையுறைக்குள் இறங்கிவிடும்.

நெடுந்தூரம் ஓட்டுகிறவர்

மேலே எழுதியவர் கையுறை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் விரல் மரத்துப்போகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது நெஞ்சை. மார்பும் வயிறும் குளிர்ந்தால், உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அந்த நிலையில் எந்தக் கையுறையும் வெளியிலிருந்து சூட்டைக் கொண்டுவந்து தராது.

கையில்லாத ஒரு மெல்லிய இறகு ஜாக்கெட்டை உள்ளே சேர்த்த பிறகு, அதே பழைய கையுறையோடு என் விரல்கள் நன்றாக இருந்தன. கழுத்தும் அப்படித்தான். ஜாக்கெட் காலருக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி வழியே நுழையும் காற்று நேராக நெஞ்சுக்குள் இறங்கும். கழுத்தில் மாட்டும் குழல் வடிவத் துணியான கழுத்துக்குழல் விலை குறைந்த பொருள், ஆனால் அதைப் போல வித்தியாசம் காட்டும் பொருள் வேறு இல்லை என்றே சொல்வேன்.

முழங்காலை மறந்துவிடாதீர்கள். பைக்கில் காற்றை நேராக வாங்குவது அதுதான். ஜீன்ஸுக்கு மேல் காற்றுப் புகாத ஒரு பேண்ட் போட்டால் போதும்.

மின்சூட்டு உடைகள் பயன்படுத்துகிறவர்

சுருக்கமாக என் பங்கு. சூடாகும் ஹேண்டில் பிடிகள் உள்ளங்கையைத்தான் சூடாக்கும், காற்று அடிப்பதோ புறங்கையில். அதனால் ஹேண்டிலில் மாட்டும் கைக்காப்பு உறையும் சேர்ந்தால்தான் பிடிகளால் முழுப் பயன். சூடாகும் கையுறையில் புறங்கையிலும் விரல்களிலும் கம்பி ஓடுவதால் அது வேறு மாதிரி.

வாங்குவதற்கு முன் பைக்கின் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) எத்தனை வாட் தருகிறது, அதில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். சின்ன எஞ்சின்களில் மிச்சம் குறைவு. நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி இறங்கத் தொடங்கும். இணைப்பில் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும், சாவியை எடுத்ததும் மின்சாரம் நிற்கும்படி ரிலேயும் வையுங்கள்.

பின்சீட்டில் பயணிக்கிறவர்

இங்கே எழுதிய எல்லோரும் ஓட்டுகிறவர்கள். பின்னால் இருக்கிறவர்களுக்காக நான் எழுதுகிறேன். முன்னால் இருப்பவர் காற்றை மறைத்துவிடுவார், பின்னால் குளிராது என்று பலர் நினைக்கிறார்கள். தோளிலும் முழங்காலிலும் காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஓட்டுகிறவருக்காவது கை, கால், உடம்பு எல்லாம் அசைகிறது. பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்குச் சீக்கிரம் குளிர் ஏறும்.

ஒரு பனிக்காலப் பயணத்தில் என் கணவர் ஹெல்மெட் இண்டர்காமில் என்னவோ கேட்டுக்கொண்டே வந்தார். என் பதில் சுருங்கிச் சுருங்கி ஒற்றைச் சொல்லாகிவிட்டது. அதைக் கவனித்து அவர் வண்டியை ஓரம் கட்டியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். உடனே உள்ளே உலர்ந்த துணி மாற்றி, சூடாகக் குடித்து, நடுக்கம் முழுதாக நின்ற பிறகுதான் கிளம்பினோம்.

நடுக்கம், விரல் தடுமாற்றம், பேச்சுக் குழறல், முடிவெடுக்கத் தயக்கம், இதெல்லாம் உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது என்பதற்கான அடையாளங்கள். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். உடம்பு சூடேறாமலே நடுக்கம் தானாக நின்றுவிட்டால் இன்னும் ஆபத்து. அந்த நேரத்தில் மதுவைக் கொடுத்துவிடாதீர்கள். தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, சூடு வந்தது போலக் காட்டி, உள்ளே இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். பின்சீட்டுக்கும் முழு உடை, முழுக் கையுறை வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்வெட்டர் அதற்கு ஈடாகாது.

பாதுகாப்பு உறைகளில் அக்கறை உள்ளவர்

ஒரு விஷயம் யாரும் தொடவில்லை. தோள், முழங்கை, முழங்காலில் வரும் மென்மையான காப்புத் தகடுகள் சில, குளிரில் கெட்டியாகிவிடும். ஐரோப்பியத் தரமான இஎன் 1621-1-இல் மைனஸ் 10 டிகிரியில் செய்யும் சோதனையும் உண்டு, ஆனால் அது கட்டாயம் அல்ல. அதில் தேறிய தகட்டின் முத்திரையில் 'டி' (T) எழுத்தோடு கழித்தல் குறி இருக்கும். குளிர்ப் பகுதியில் ஓட்டுகிறவர்கள் தகட்டை வெளியே எடுத்து அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள்.

ஹெல்மெட்டுக்குள் தடித்த குல்லாய் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஹெல்மெட்டின் பொருத்தமே கெட்டுவிடும். மெல்லிய முகமூடி போதும். விழுந்தால் காற்று நிரம்பி விரியும் ஏர்பேக் உள்ளாடை போடுகிறவர்கள் அது ஊதுவதற்கு ஜாக்கெட்டுக்குள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குகளைத் திணித்துக்கொண்டால் விரிகிற பை விலா எலும்பைத்தான் அழுத்தும். தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா என்பதும் முக்கியம்.

வைசர் (ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி) பனிபடிவதைப் பற்றி: இரட்டைக் கண்ணாடி போல உள்ளே பொருத்தும் பின்லாக் வில்லைதான் எனக்கு உதவியது. இரண்டுக்கும் நடுவே அடைபடும் காற்றால் உட்பக்கம் குளிராது, மூச்சு அதில் படியாது. விளிம்பில் உள்ள சிலிக்கான் வளையம் எங்கும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். அதைத் துடைக்க வெறும் தண்ணீர், மென்மையான துணி, அவ்வளவுதான்.

தொடங்கி வைத்தவர்

எல்லாருக்கும் நன்றி. பின்சீட்டு அனுபவத்தை எல்லோரும் இன்னொரு முறை படித்துவிடுங்கள்.

பட்ஜெட் குறைவு, எதிலிருந்து தொடங்குவது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நான் சொல்லும் வரிசை இது: கழுத்துக்குழல், இருக்கும் ஜாக்கெட்டுக்கு மேல் போட காற்றுப் புகாத ஓர் அடுக்கு, அப்புறம் நல்ல தெர்மல், அப்புறம் கையுறை. பூட்ஸ் இறுக்கமாக இருந்தால் இரண்டு சாக்ஸ் போடாமல் ஒரே ஒரு கம்பளி சாக்ஸ் போடுங்கள். மின்சூட்டு உடை இதெல்லாம் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம். மழையும் குளிரும் சேர்ந்த நாளில் ஓட்டியவர்கள் பூட்ஸ் பற்றி விரிவாக எழுதினால் நல்லது, அதில் எனக்கே நிறையக் கேள்விகள் இருக்கின்றன.