அவதார் தொடருக்கு அப்புறம் வந்த காமிக்ஸ் யாராவது படிச்சிருக்கீங்களா?

காப்பிடம்ளர்:
அவதார் தி லாஸ்ட் ஏர்பெண்டர் மறுபடி முழுசா பாத்து முடிச்சேன் (நீலக்கலர் ஆளுங்க படம் இல்லங்க, நம்ம மொட்டைத்தலை ஆங் கார்ட்டூன்). கடைசில ஃபயர் நேஷன்ங்கற நெருப்பு நாட்டுக்குப் புதுசா ராஜாவான ஸூக்கோ ஜெயிலுக்குப் போய் அவங்கப்பன் ஓசாய்கிட்ட எங்கம்மா எங்கன்னு கேப்பான், பதில் வர்றதுக்குள்ள கட் பண்ணிட்டு எல்லாரையும் டீக்கடைல உக்கார வச்சு முடிச்சிருவாங்க, 2008ல வந்தது இன்னும் தொண்டைல முள்ளு மாதிரி நிக்குது. காமிக்ஸ்ல பதில் இருக்காமே? டிவி தொடர் பேர வச்சு வர்ற காமிக்ஸ்னாலே காசு பாக்கப் போடுறதுன்னு ஒரு நெனப்பு எனக்கு. நம்பி வாங்கலாமா, எதுல ஆரம்பிக்கணும்?

முட்டுச்சந்து:
தாராளமா வாங்குங்க. ஆனா அம்மா கதைக்கு நேரா தாவாதீங்க, அது 'தி சர்ச்', 2013ல வந்தது. அதுக்கு முன்னாடி 2012ல 'தி ப்ராமிஸ்', மூணு பாகம். ரெண்டுமே ஜீன் லுவென் யாங் எழுதுனது, படம் குரிஹிரு. சீரியல்ல பாத்த அதே மூஞ்சி அதே கலர், படிக்கும்போது குரல் கூட காதுல கேக்குது, ஆங் கூட்டாளி சொக்கா ஜோக்கெல்லாம் அவன் குரல்லயேதான் ஓடும்.

எனக்கு ப்ராமிஸ்தான் உசத்தி. சண்டை முடிஞ்சிருச்சு சரி, ஃபயர் நேஷன் எர்த் கிங்டம்ங்கற நாட்டுல பிடிச்சு வச்ச ஊரையெல்லாம் என்ன பண்றதுங்கறதுதான் கதை. நூறு வருசமா ஃபயர் நேஷன்காரன் எர்த் கிங்டம் மண்ணுல குடியிருக்கான், அவன கெளம்புன்னா எங்க போவான்? யூ டாவ்னு ஒரு ஊரு, அங்க மேயர் பொண்ணு கோரி, அப்பா ஃபயர் நேஷன், அம்மா எர்த் கிங்டம். அந்தப் பொண்ணு மண்ணத்தான் வளைக்கும் (தொடாமலே ஆட்டி வைக்கற வித்தை, பெண்டிங்னு பேரு; மண்ணு எர்த் கிங்டம்காரங்களோடது), ஆனா நான் ஃபயர் நேஷன்தான்னு ஸூக்கோவையே கொல்ல வருது. இவனும் பாவம், ராஜாவாகி யார்கிட்ட யோசனை கேக்கறதுன்னு தெரியாம ராத்திரில ஜெயிலுக்கு டீ எடுத்துட்டு அப்பன்கிட்டயே போறான், அது தெரிஞ்சு அவன் காதலி மேய் விட்டுட்டுப் போயிடுவா. சின்னப்பசங்க சேனல்ல வந்த கதையோட தொடர்ச்சின்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

அரைத்தூக்கம்:
கொஞ்சம் ஓவரா ஏத்தி விடுறீங்க. ப்ராமிஸ்ல ஆங்கும் கட்டாராவும் ஸ்வீட்டி ஸ்வீட்டின்னு கொஞ்சிக்கறத ஏன் சொல்லல, பத்து பக்கத்துக்கு மேல தாங்காது 😂 சண்டையும் டிவில பாத்த மாதிரி வராது, அங்க கை கால் அசைவுதான் உயிரு, ஒவ்வொரு பெண்டிங்குக்கும் நிஜ குங்ஃபூ ஸ்டைல் பாத்து வச்சாங்க, பேப்பர்ல அது வெறும் நெருப்பு நெருப்பா கோடுதான்.

சர்ச் பத்தி, ஸ்பாய்லர், கேள்வி கேட்டவர் தாண்டிப் போயிருங்க: ஸூக்கோவோட அம்மா ஒரு ஆவிகிட்ட மூஞ்சியும் மாத்திக்கிட்டு ஞாபகத்தையும் அழிச்சிக்கிட்டாங்கன்னு சொல்றது எனக்கு ஒத்துக்கல. பெத்த பையன விட்டுட்டு வந்த வலிய தாங்கிட்டு இருந்தாங்கன்னு வச்சிருந்தா இன்னும் கனமா இருந்திருக்கும். ஸூக்கோ தங்கச்சி அசூலா வர்ற சீன் எல்லாம் மட்டும் சூப்பர், தண்ணில கண்ணாடில எல்லாம் அம்மா தெரியற மாதிரி பேசிக்கிட்டு வருவா, அதுக்காகவே படிக்கலாம்.

காப்பிடம்ளர்:
தாண்டிப் போங்கன்னா யாரு போவா, படிச்சுட்டேன் 🤦 இருந்தாலும் வாங்கறேன். மண்ண வளைக்கற பொண்ணு டோஃப் வர்றாளா?

முட்டுச்சந்து:
வராம? ப்ராமிஸ்லயே இரும்பு வளைக்க ஸ்கூல் வச்சிருக்கா, ஸ்டூடண்ட்ஸ் மூணே பேரு, ஒருத்தருக்கும் ஒரு காசு கூட வளையாது, இவ போடற கத்தல்தான் செம. அவ அப்பாவோட பஞ்சாயத்து 2014ல வந்த 'தி ரிஃப்ட்'ல. தனித்தனி பாகமா வாங்காதீங்க, ஒவ்வொரு கதைக்கும் மூணு பாகத்தையும் சேத்து பெரிய சைஸ் கெட்டி அட்டைல லைப்ரரி எடிஷன் இருக்கு. ஓரத்துல யாங்கும் குரிஹிருவும் எழுதுன குறிப்பு வரும், மொத தடவ அதப் படிக்காதீங்க, கதை நின்னு நின்னு போகும்.