மறுமொழி: வான்படையா, வானிறங்கு படையா? கூடவே 'ஊடுபடை'

குழுவினர்க்கு வணக்கம்.

அமெரிக்கத் தரைப்படை அதிகாரி வில்லியம் யார்பரோ பற்றிய தமிழ்க் கட்டுரையில் 'ஏர்போர்ன்', 'ஸ்பெஷல் ஃபோர்சஸ்' ஆகியவற்றுக்கு என்ன சொல் போடலாம் என்ற கேள்விக்கு, குழுவில் ஐயா சொன்ன 'வான்படை', 'அதிரடிப்படை' இரண்டுமே பொருந்தவில்லை என்று நினைக்கிறேன்.

வான்படை என்றால் எங்கள் தஞ்சாவூரில் சுகோய் நிற்கும் விமானப்படைத் தளம்தான் நினைவுக்கு வரும். யார்பரோ தரைப்படைக்காரர், விமானம் அவருக்கு ஏறிப்போகும் வண்டி, அவ்வளவே. 1942 நவம்பரில் அவர் திட்டமிட்டுக் கூடவே சென்ற படை, இங்கிலாந்தில் ஏறி 1,500 மைலுக்கு மேல் பறந்து அல்ஜீரியா போனது. பல விமானங்கள் வறண்ட உப்பேரியில் தரையிறங்கின. வீரர்கள் அங்கிருந்து நடந்தார்கள். அதனால்தான் 'வான்குடைப் (பாராசூட்) படை'யும் போதவில்லை. பிரான்சின் நார்மண்டியில் கிளைடரில் (எஞ்சின் இல்லாத விமானத்தில்) வந்தவர்களும் அதற்குள் அடங்க மாட்டார்கள். 'வானிறங்கு படை' எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறது. 1971 டிசம்பர் 11 அன்று இன்றைய வங்கதேசத்தின் டாங்கைலில் குதித்து, பூங்லி பாலத்தைப் பிடித்த நம் 2 பாரா பட்டாலியனுக்கும் இதே சொல் சரி. பட்டுக்கோட்டைப் பக்கம் ராணுவத்தில் இருந்து வந்தவர்கள் 'பாரா' என்பார்கள். பேச்சில் அது அப்படியே இருக்கட்டும்.

அடுத்த சொல்லான 'ஸ்பெஷல் ஃபோர்சஸ்'தான் முக்கியம். 1941இல் பாராசூட் வீரர் சின்னத்தை வடிவமைத்த அதே மனிதர், 1961இல் அமெரிக்காவின் பிராக் கோட்டை (ஃபோர்ட் பிராக்) ராணுவத் தளத்தில் சிறப்புப் போர்முறை மையத்துக்குத் தலைவரானார். அங்கே அவர் வலியுறுத்தியது துப்பாக்கியை மட்டுமல்ல, அயல்மொழியையும் அந்தந்த நாட்டு மக்களைப் பற்றிய படிப்பையும். பன்னிரண்டு பேர் கொண்ட குழு ஊர்க்காரர்களோடு தங்கி, அவர்களையே போராளிகளாகப் பயிற்றுவிக்க வேண்டும். இதில் அதிரடி எங்கே? நம் ஊரில் அந்தச் சொல் காவல்துறையோடு ஒட்டிக்கொண்டும் விட்டது.

பேராவூரணி தென்னந்தோப்பில் ஊடுபயிர் வைக்கிறோமே, அந்த 'ஊடு'தான் எனக்குத் தோன்றியது: ஊடுபடை. இன்னொருவர் மண்ணில், அவர்களுக்கு நடுவே நின்று வேலை செய்யும் படை. ஊடுருவலின் வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அடிக்கட்டும், எதிரியின் எல்லைக்குள் புகுவதும் அவர்கள் வேலைதானே. பொதுப்பெயராகச் 'சிறப்புப் படை' இருக்கலாம். யார்பரோ வளர்த்த வகைக்கு மட்டும் ஊடுபடை.

1961 அக்டோபர் 12 அன்று அதிபர் கென்னடி அந்தத் தளத்துக்கு வந்தபோது யார்பரோ அணிந்திருந்த 'கிரீன் பெரே'யைக் கட்டுரையில் 'பச்சைத் தொப்பி' என்றே எழுதலாம். 'பெரே' வேண்டாம்.