பழைய மீட்டர் கேஜ் வீடியோ: இது நம்ம தாம்பரம் லைன் தானா? அப்பா இல்லவே இல்லங்கறார்

ஆதம்பாக்கம்காரன்:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு போற ஆளு நான், முதல் தடவையா போஸ்ட் போடறேன்.

போன வாரம் தூக்கம் வராம யூடியூப்ல எதையோ தேடப்போய் ஒரு பழைய பிலிம் மாட்டுச்சு. மொத்தமே 2 நிமிஷம் 24 செகண்ட். யாரோ வெள்ளைக்காரர் எடுத்தது போல, தலைப்புல இந்தியா மீட்டர் கேஜ்னு (ஒரு மீட்டர் அகல பழைய தண்டவாளம்) மட்டும் இருக்கு, ஊரும் இல்ல வருஷமும் இல்ல. முதல்ல ஒரு பிளாட்பார நுனியில இருந்து எடுத்திருக்கார், ரெண்டு லைன், மேல கரன்ட் கம்பி, தூரத்துல வலது கை பக்கம் ஒரு மலை, எதிர்ல ஒரு சப்பை மூஞ்சி எலக்ட்ரிக் இன்ஜின் அரக்கு கலர் பெட்டிகள இழுத்துட்டு வருது. அடுத்தது ஏதோ ஒரு யார்டு, குட்டி கரி இன்ஜின் ஷன்டிங் பண்ணுது, பின்னாடி நேம் போர்டு அரை செகண்ட் தெரியுது, எழுத்து தமிழ் மாதிரி இருக்கு ஆனா எத்தனை தடவை நிறுத்தி பாத்தாலும் படிக்க முடியல. கடைசியா பெல்பாட்டம் போட்ட ஒருத்தர் வண்டி வாசல்ல நின்னு கேமராவ பாத்துட்டு சீப்பு எடுத்து தலை சீவறார், அதோட கட்.

எனக்கு பாத்த உடனே இது நம்ம சென்னை பீச் தாம்பரம் லைன்னு தோணிச்சு. அப்பாவுக்கு டிவில போட்டு காட்டினேன். அவர் பரங்கிமலைல ஏறி பாரிஸ் கார்னர் ஆபீசுக்கு 31 வருஷம் சீசன் டிக்கெட்ல போனவர், இப்ப 76 வயசு. முழுசா பாத்துட்டு ரெண்டே விஷயம் சொன்னார். "மலை தப்புடா. சத்தமும் தப்பு. இது நம்ம ஊரே இல்ல." தாம்பரம் பக்கம் பாத்து நின்னா மலை இடது கை பக்கம் இருக்கணுமாம், இதுல வலது பக்கம் இருக்கு. சொல்லிட்டு எழுந்து போய்ட்டார். அவர் முகத்துல ஒரு ஏமாத்தம் தெரிஞ்சது, அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

இது சென்னையா இல்லையா, எந்த வருஷம் இருக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பீச்_லோக்கல்:

சார், உங்க அப்பா சொன்னது சரி, நீங்க சொன்னதும் சரி. வீடியோ கண்ணாடி மாதிரி திரும்பி இருக்கு, அவ்வளவுதான் விஷயம்.

எப்படின்னா, மீட்டர் கேஜ் லைனுக்கு மேல கரன்ட் கம்பி போட்டது இந்தியாவுலயே ஒரே இடத்துல தான், நம்ம பீச்ல ஆரம்பிச்சு விழுப்புரம் வரைக்கும். வேற எங்கயும் கிடையாது. அதனால ஊரை பத்தி சந்தேகமே வேண்டாம். அடுத்து, ரோட்டுல எதிர்ல வர்ற பஸ் நமக்கு வலது பக்கமா தானே வரும்? டபுள் லைன்லயும் அதேதான், நம்ம ஊர்ல வண்டி இடது பக்க லைன்ல ஓடும், அப்ப எதிர்ல நிக்கறவனுக்கு அது வலது பக்கம் தெரியணும். இதுல இடது பக்கமா வருது. நேம் போர்டு யார்டுக்கு பின்னாடி வர்ற இடத்துல நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து போன்லயே ஃப்ளிப் பண்ணி பாத்தேன், "ம்பரம்"னு பாதி தெளிவா வருது. தாம்பரம் யார்டு சார் அது. மலையும் திருப்பி போட்டா இடது பக்கம் போயிடும், திரிசூலம் மலை. உங்க அப்பா கண்ணுக்கு ஒரு சல்யூட், முன்னாடி நானும் இந்த வீடியோவ ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன், எனக்கு தோணவே இல்ல.

வருஷம்: அந்த சப்பை மூஞ்சி இன்ஜின் யாம் 1, ஜப்பான்ல இருந்து வந்தது, மொத்தமே 20 தான், 60கள் நடுவுல வந்தது. நம்ம லைன்ல 1931லயே மின்சார வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு, சவுத் இந்தியன் ரயில்வே காலத்துல, ஆனா அப்ப 1500 வோல்ட் டிசி கரன்ட். 60கள்ல தான் தாம்பரத்துக்கு அந்தப்பக்கம் விழுப்புரம் வரைக்கும் 25 கிலோவோல்ட் ஏசி கரன்ட் (யாம் 1 ஓடறது இதுலதான்) போட்டு, அப்பறம் இந்தப்பக்கத்தையும் அதுக்கு மாத்தினாங்க. அதனால இது 60கள் நடுவுக்கு முன்னாடி இருக்க வாய்ப்பே இல்ல. சீப்பு அண்ணனோட பெல்பாட்டத்த வச்சு பாத்தா நான் 70கள்னு சொல்வேன். முதல் ஷாட் மீனம்பாக்கம் மாதிரி இருக்கு.

ரீல்_பெட்டி:

நான் ரயில் ஆள் இல்ல, பிலிம் ஆள், அதனால அந்த சைடுல இருந்து சொல்றேன்.

2 நிமிஷம் 24 செகண்ட்னு படிச்ச உடனே சிரிச்சிட்டேன். சூப்பர் 8னா அந்த காலத்துல வீட்டு மூவி கேமராவுக்கு போடற சின்ன பிலிம், ஒரு கேட்ரிட்ஜ் 50 அடி, அடிக்கு 72 பிரேம், மொத்தம் 3600 பிரேம். எடுக்கறப்ப செகண்டுக்கு 18 பிரேம், அப்படி ஓட்டினா 3 நிமிஷம் 20 செகண்ட் வரணும். ஆனா டிவிக்கு மாத்தறவங்க யோசிக்காம செகண்டுக்கு 25 பிரேம்ல ஏத்திடுவாங்க, அப்ப 3600ஐ 25ஆல வகுத்தா 144 செகண்ட், அதாவது கரெக்டா 2:24. ஆக உங்ககிட்ட இருக்கறது ஒரு முழு கேட்ரிட்ஜ், ஒரு பிரேம் கூட வெட்டாம. அதனாலதான் எல்லாரும் குடுகுடுன்னு நடக்கறாங்க, வண்டியும் என்னமோ பறக்கற மாதிரி தெரியுது. யூடியூப் செட்டிங்ஸ்ல வேகத்த 0.75 வச்சு பாருங்க, கிட்டத்தட்ட நிஜ வேகம் வந்துடும்.

திரும்பி இருக்கறதுக்கு காரணம் ஸ்கேன் பண்றவர் பிலிம மறுபக்கமா மாட்டிட்டார். சர்வ சாதாரணமா நடக்கற தப்பு.

அப்பறம் சத்தம். கரன்ட் இன்ஜின் வர்றப்ப குப் குப்னு கரி இன்ஜின் சத்தமும் நீளமா ஒரு விசிலும் வருது, யாருமே கவனிக்கலையா? அந்த காலத்து சூப்பர் 8 பெரும்பாலும் ஊமைப்படம், சத்தத்தோட வர்ற கேட்ரிட்ஜ் 1973லதான் வந்தது, அதுவும் விலை ஜாஸ்தி. அப்லோட் பண்ணினவர் எங்கயோ இருந்த ரயில் சத்தத்த எடுத்து ஒட்டிட்டார். உங்க அப்பாவ ஏமாத்த முடியல.

வெள்ளைக்காரங்க ஏன் இங்க வந்து எடுத்தாங்கன்னா, அவங்க ஊர்ல 1968 ஆகஸ்ட்டோட கரி இன்ஜின் சர்வீஸ் முடிஞ்சு போச்சு, அதுக்கப்பறம் கேமராவ தூக்கிட்டு இந்தியா பக்கம் வர ஆரம்பிச்சாங்க. இங்க அப்ப பர்மிஷன் இல்லாம ஸ்டேஷன்ல படம் எடுக்கக்கூடாது, நம்மள்ல எத்தனை பேர்கிட்ட மூவி கேமரா இருந்தது சொல்லுங்க. தினம் போற வண்டிய எவன் படம் எடுப்பான்னு வேற ஒரு நெனப்பு. நம்ம வீட்டு ஆல்பத்துல கல்யாண போட்டோ தான் இருக்கும், கல்யாணத்துக்கு போன வண்டி இருக்காது.

இன்னொண்ணு, யார் வீட்டு பரண்லயாவது பழைய ரீல் இருந்து தொறந்தா வினிகர் வாடை வந்தா, பிலிம் உள்ளுக்குள்ள கெட்டுப்போக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ஆசைப்பட்டு பழைய புரொஜெக்டர்ல ஓட்டி பாக்காதீங்க, கிழிஞ்சிடும். நல்லா இருக்கற ரீல்கள்ல இருந்து தள்ளி வச்சிட்டு, நேரா ஸ்கேன் பண்றவங்ககிட்ட குடுங்க.

குரோம்பேட்டை_அக்கா:

எல்லாரும் ஆ ஊன்னு உருகறீங்களே, நான் 80கள்ல இருந்து அதே லைன்ல எழும்பூர் வரைக்கும் வேலைக்கு போனவ, கொஞ்சம் என் பங்குக்கும் சொல்லிடறேன். மீட்டர் கேஜ்னா தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவுல ஒரு மீட்டர் தான், பெட்டியும் அதுக்கு தகுந்த மாதிரி ஒடுக்கம், காலைல எட்டரை மணி வண்டில லேடீஸ் பெட்டில கை தூக்கினா இறக்க முடியாது. மாம்பலம் வந்தா ஏறறவங்களும் இறங்கறவங்களும் ஒரே நேரத்துல முட்டி மோதி, செருப்பு ஒண்ணு பிளாட்பாரத்துல ஒண்ணு வண்டியிலன்னு போனதெல்லாம் உண்டு. பிராட் கேஜ், அதான் அகல தண்டவாளம், வந்ததும் மூச்சு விட இடம் கெடச்சுது, அது போச்சேன்னு நான் அழ மாட்டேன்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். சாயங்காலம் திரும்பறப்ப கிண்டி தாண்டினா கொஞ்சம் காலியாகும், அப்ப ஒருத்தி பீன்ஸ் நறுக்குவா, ஒருத்தி கீரை ஆய்வா, நாங்க ஏழெட்டு பேர் வருஷக்கணக்கா ஒரே பெட்டி. சைதாப்பேட்டை தாண்டி அடையாறு பாலத்து மேல ஏறறப்ப சத்தமே மாறும், அடியில தொபதொபன்னு காலியா ஒரு சத்தம், அதுக்கு பேச்ச நிறுத்திட்டு, பாலம் முடிஞ்சதும் விட்ட இடத்துல இருந்து தொடருவோம். அந்த வீடியோல இந்த மாதிரி எதாவது இருக்கான்னு பாத்தேன், இல்ல. அவர் இன்ஜினைத்தான் எடுத்திருக்கார். தலை சீவற அந்த ஆள் ஒருத்தர் தான் மனுஷர்.

விழுப்புரம்_ஜங்ஷன்:

யாம் 1னு படிச்சதும் வந்துட்டேன். எங்க ஊர்ல தான் அந்த இன்ஜின் கழட்டுவாங்க. மெட்ராஸ்ல இருந்து கரன்ட்ல வரும், விழுப்புரத்தோட கம்பி முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல டீசலோ கரியோ மாட்டி அனுப்புவாங்க. அந்த இடைவெளி தான் எங்க ஸ்டேஷனுக்கு வாழ்வு. இட்லி பொட்டலம், காபி, பிளாட்பாரமே கல்யாண வீடு மாதிரி இருக்கும். ராத்திரி போட் மெயில் வர்ற நேரத்துக்கு நானும் என் சிநேகிதனும் இன்ஜின் மாத்தறத வேடிக்கை பாக்கவே போவோம், வீட்ல டியூஷன்னு பொய்.

எங்க தாத்தா போட் மெயில்ல தனுஷ்கோடி வரைக்கும் போய் அங்கிருந்து கப்பல்ல தலைமன்னார் போய் மறுபடி ரயில் ஏறி கொழும்பு போனவர், ஒரே டிக்கெட்டாம். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியே போச்சு, அதோட அந்த வண்டி ராமேஸ்வரத்தோட நின்னுது. பேர் மட்டும் போட் மெயில்னே இருந்துது. தனுஷ்கோடி பிளாட்பாரத்துல வண்டி நிக்கற பிலிம் யார்கிட்டயாவது இருந்தா சொத்துல பாதி எழுதி வைக்கறேன் (சொத்து ஒண்ணும் பெருசா இல்ல).

மீட்டர் கேஜ் இன்னும் கண்ணால பாக்கணும்னா தமிழ்நாட்டுல மேட்டுப்பாளையம் ஊட்டி வண்டி ஒண்ணுதான் மிச்சம். ஆனா அது டூரிஸ்ட் வண்டி, ஆபீஸ் போற கூட்டம் அதுல ஏறாது.

பீச்_லோக்கல்:

அக்கா சொன்ன பால சத்தம் 100 சதவீதம் சரி. நான் ஸ்கூல் முடிச்ச சமயம் 2004 ஜூலைல கடைசி மீட்டர் கேஜ் மின்சார வண்டி ஓடினப்ப போனேன், கையில கேமரா இல்ல. அப்ப எடுத்திருந்தா இப்ப என் பேர்ல ஒரு வீடியோ இருந்திருக்கும். எங்க மாமா அட்டை டிக்கெட் ஒண்ணு பர்ஸ்ல வச்சிருந்தார், அந்த கெட்டி அட்டைல தேதி அச்சு குத்தி குடுப்பாங்களே அது, அத மட்டும் கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

ஆதம்பாக்கம்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி என் பையன் உக்காந்து வீடியோவ டவுன்லோட் பண்ணி, திருப்பிப் போட்டு, வேகத்த 0.75 ஆக்கி, சத்தத்த மொத்தமா எடுத்துட்டான். அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாம டிவில போட்டேன்.

அப்பா கண்ணாடி எடுத்து மாட்டிக்கிட்டு முன்னாடி வந்து உக்காந்தார். மலை இடது பக்கம் வந்ததும் "ம்"னு ஒரு சத்தம். ஊமைப்படமா ஓடிட்டு இருக்கு, இவர் வாயாலயே மெல்ல "ஊ.....ம்"னு ஆரம்பிச்சு ஏத்தறார், வண்டி நிக்கறப்ப "ஸ்ஸ்ஸ்"னு காத்து விடறார், பையன் விழுந்து விழுந்து சிரிக்கறான், ஆனா நான் சின்ன வயசுல கேட்ட அதே சத்தம். இன்னொரு தடவை போடுன்னார். அப்பறம் இன்னொரு தடவை. தலை சீவறவர் வந்தப்ப அம்மா உள்ளேர்ந்து எட்டி பாத்து "உங்களுக்கும் இப்படி ஒரு பேன்ட் இருந்துதே"ன்னாங்க, அதுக்கு பதில் வரல.

பீச்_லோக்கல் சார், இப்ப ஒரு புது பிரச்சனை. முதல் ஷாட் மீனம்பாக்கம் இல்ல, பரங்கிமலை தானாம். மீனம்பாக்கம்னா திரிசூலம் மலை இன்னும் பெருசா தெரியணும், இவ்வளவு சின்னதா தெரியுதுன்னா பரங்கிமலை பிளாட்பாரம் தான், 31 வருஷம் அந்த மலைய பாத்துட்டு நின்னவன் நான், இன்டர்நெட்ல இருக்கறவனுக்கு என்ன தெரியும்ங்கறார் (மன்னிச்சுக்கோங்க, அவர் சொன்னத அப்படியே சொல்றேன்). லென்ஸ வச்சு சின்னதா பெருசா தெரியும்பான்னேன், அதெல்லாம் கேக்கற ஆள் இல்ல.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அவர கூட்டிட்டு போய் ரெண்டு ஸ்டேஷன்லயும் பிளாட்பார நுனியில நின்னு போட்டோ எடுத்து இங்க போடறேன், நீங்களே பாத்து சொல்லுங்க. பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கலாம்னேன். "அது பத்து ரூபா, பரங்கிமலை மீனம்பாக்கம் டிக்கெட்டே அஞ்சு ரூபா தான், அத எடு"ன்னுட்டார்.