சஃபோக்கில் ஒரு ஜார்ஜியன் வீடும் முதிர்ந்த தோட்டமும்: விலை பேசுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

கிழக்குக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் ஹாரோவில் உள்ள எங்கள் வீட்டை விற்றுவிட்டு, கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில், முன்னாளில் ஆங்கிலிக்கன் போதகரின் இல்லமாக இருந்த பழைய வீடொன்றை வாங்கலாமா என்று நானும் கணவரும் ஆலோசித்து வருகிறோம். முகப்பு, ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியன் காலத்துச் செங்கல் வேலைப்பாடு; அதன் பின்னால் இருப்பது அதைவிடப் பழைய மரச்சட்டக் கட்டுமானம் என்று முகவரின் கையேடு சொல்கிறது. வீடு வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் கிரேடு 2 தரத்தில் உள்ளது. தோட்டம் மூன்று ஏக்கர்: புல்வெளியில் வீட்டை ஒட்டினாற்போல் ஒரு பெரிய லெபனான் தேவதாரு, உயரமான யூ மர வேலி, பாக்ஸ் செடிகளால் வகுத்த பாத்திகள், மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டம், அந்த மதிலில் சாய்த்துக் கட்டிய பழைய கண்ணாடிக் கூடம், எல்லையில் வரிசையாக ஆஷ் மரங்கள். கேட்கும் விலை 12 லட்சம் பவுண்டு.

ஜன்னல்கள் அனைத்தும் ஒற்றைக் கண்ணாடி. அவற்றை இரட்டைக் கண்ணாடியாக மாற்றவும், சமையலறைக்கும் பின்னறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுக்கவும், வரவேற்பறையை இருளாக்கும் தேவதாருக் கிளைகளைக் குறைக்கவும் விரும்புகிறோம். இவற்றில் எவை நடக்கக்கூடியவை, கையேட்டில் எழுதாத செலவுகள் எவை என்பதை, இத்தகைய வீட்டில் வாழ்ந்தவர்களோ இத்துறையில் பணிபுரிபவர்களோ விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நார்ஃபோக்வாசி மறுமொழி:

வணக்கம் அம்மா. நாங்கள் பல ஆண்டுகளாக கிரேடு 2 வீடொன்றில் வாழ்கிறோம். இங்கிலாந்தில் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை இந்தத் தரத்தைச் சேர்ந்தவை என்பதால், இது எளிய தரம் என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியில்லை. பட்டியல் முகப்பை மட்டுமன்றி உட்புறத்தையும் காக்கிறது. படிக்கட்டு, கணப்படுப்பு, கதவுகள், மரச்சட்டத்துக்கு இடையே பூசிய பழைய களிமண் பூச்சு எல்லாம் அதற்குள் அடங்கும். கட்டடத்தின் சிறப்புத் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் உச்சவரம்பற்ற அபராதமும் விதிக்கலாம். பட்டியலில் இருப்பது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

உங்களுக்கு முன்பு இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இதைவிட முக்கியமானது. அவர்கள் அனுமதியின்றி ஒரு சுவரை இடித்திருந்தால் அந்தக் குற்றத்துக்காக உங்கள் மீது வழக்கு வராது. ஆனால் பழைய நிலைக்கு மீட்கும்படி மன்றம் அனுப்பும் அமலாக்க அறிவிப்பு, அதை அனுப்பும்போது யார் உரிமையாளரோ அவரிடம்தான் வரும், அதற்குக் காலவரம்பும் கிடையாது. ஆகவே மன்றத்தின் இணையதளத்தில் அந்த முகவரிக்கான பழைய விண்ணப்பங்கள் அனைத்தையும் எடுத்து, வீட்டின் இன்றைய வரைபடத்தோடு அறை அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கத்தில் புதிதாகத் தெரியும் ஏதாவதொரு குளியலறைக்கோ கூரைச் சாளரத்துக்கோ விண்ணப்பம் இல்லையென்றால் முகவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

ஜன்னல் பற்றி: மேலும் கீழுமாக நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னல்களில் பழைய கண்ணாடி இன்னும் இருக்குமானால், அதை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி பொருத்த அனுமதி கிடைப்பது கடினம். உட்புறமாகக் கழற்றக்கூடிய இரண்டாவது கண்ணாடிச் சட்டம் வைப்பதை மன்றங்கள் பெரும்பாலும் ஏற்கின்றன, குளிரையும் சத்தத்தையும் அது நன்றாகவே தடுக்கிறது. சமையலறைச் சுவரைப் பொறுத்தவரை, அது பிற்காலத்தில் எழுப்பிய தடுப்பா, மூலக் கட்டுமானமா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும்.

சுவர்களின் இணைப்புகளில் சிமெண்ட் பூசியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் உள்ளே ஏறும் ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டு, செங்கல் உதிர்கிறது, மரச்சட்டம் உளுக்கிறது. இதைக் கண்டறிய மிக விரிவான வகையான மூன்றாம் நிலைக் கட்டட ஆய்வு கட்டாயம் வேண்டும். அதையும் பழைய கட்டடங்களில் பழகிய ஆய்வாளரைக் கொண்டே செய்வியுங்கள். வரியைப் பற்றிய ஒரு தகவலும் உண்டு. அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2012 அக்டோபரோடு முடிந்துவிட்டதால், இப்போது பழுதுபார்ப்புக்கும் மாற்றத்துக்கும் ஒரே மாதிரி 20 விழுக்காடு செலுத்த வேண்டும்.

மரவைத்தியன் மறுமொழி:

மரங்களைப் பரிசோதிப்பது என் தொழில். வீட்டுக்கு ஆய்வாளரை அழைப்பவர்கள் தோட்டத்தைத் தேநீர்க் கோப்பையோடு சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த வீட்டில் கூரைக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் மரங்களுக்கும் ஆகலாம் என்பதால், தனியாக ஒரு மர ஆய்வுக்கு ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் ஆஷ் மரங்கள். பிரிட்டனில் 2012இல் உறுதிசெய்யப்பட்ட ஆஷ் வாடல் நோய் இன்று நாடு முழுவதும் பரவிவிட்டது. நோயுற்ற ஆஷின் கட்டை நொறுங்கும் தன்மை அடைவதால் அதில் ஏறி வெட்டுவது ஆபத்து. உயர்த்தி இயந்திரம் வரவழைக்க வேண்டியிருப்பதால் செலவும் கூடும். எல்லையில் உள்ளவை பாதையை ஒட்டியோ அயலவர் நிலத்தை ஒட்டியோ நின்றால், விழுந்தால் வரும் பொறுப்பு உரிமையாளருடையது. கோடையின் நடுவில் சென்று உச்சி மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் அது தெரியாது.

தேவதாருவைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் விடை சற்றுக் கசப்பாக இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிய வீடுகளின் புல்வெளிகளில் லெபனான் தேவதாரு நடுவது வழக்கமாயிற்று. அந்த வீட்டின் அழகில் பாதி அந்த மரம்தான். அதற்கு மரப் பாதுகாப்பு ஆணை இருந்தால் உயிருள்ள ஒரு கிளையைக்கூட அனுமதியின்றி வெட்ட முடியாது. ஆணை இல்லாமல், அந்த இடம் கிராமத்தின் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் மட்டும் இருந்தால், 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள எந்த மரத்திலும் வேலை செய்ய மன்றத்துக்கு ஆறு வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். அந்த ஆறு வாரத்துக்குள் மன்றம் ஆணையே பிறப்பித்துவிடலாம். காய்ந்த கிளைகளை நீக்குவதும் கனத்த கிளைகளுக்குக் கம்பிவடம் கட்டுவதும் தேவையான வேலைகள். வெளிச்சத்துக்காகக் கிளை குறைப்பது மரத்தின் உருவத்தைக் கெடுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. வரவேற்பறையை வேறு பக்கத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன்.

நிலமும் கவனத்துக்குரியது. சஃபோக்கின் நடுப்பகுதி பெரும்பாலும் களிமண், இங்கிலாந்தின் மழை குறைந்த பகுதிகளில் ஒன்றும்கூட. வறண்ட கோடையில் பெரிய மரங்கள் நீரை உறிஞ்சக் களிமண் சுருங்கி அடித்தளம் இறங்கும். 1976ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின்புதான் காப்புறுதி நிறுவனங்கள் இதைப் பெரிய பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கின. அஞ்சி மரத்தை ஒரேயடியாக வெட்டினால், களிமண் நீரைத் திரும்பக் குடித்து உப்பி வீட்டை மேலே தள்ளுவதும் உண்டு. எனவே விரிசல்களைக் கட்டட ஆய்வாளரும் மர ஆய்வாளரும் சேர்ந்தே பார்க்க வேண்டும்.

பாக்ஸ் பாத்திகளில் வெள்ளைப் பட்டுநூல் போன்ற வலையும் உள்ளே பச்சைப் புழுக்களும் இருந்தால் அது பாக்ஸ் அந்துப்பூச்சி. சில வாரங்களில் செடியை மொட்டையாக்கிவிடும். யூ வேலிக்கு அந்தக் கவலை இல்லை. முதிர்ந்த யூவை எலும்புக்கூடாக வெட்டினாலும் மீண்டும் தளிர்க்கும். பேரப்பிள்ளைகள் வந்துபோவார்களென்றால், யூவின் இலையும் விதையும் கடும் நஞ்சு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பத்திரமேசை மறுமொழி:

வீடு மாற்றப் பத்திரங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மேலே இருவரும் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: 1948 ஜூலை 1க்கு முன்பே வீட்டின் வளாகத்தில் இருந்த மதில், கொட்டில், கண்ணாடிக் கூடம் போன்றவையும் பொதுவாகப் பட்டியலிட்ட கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். சரிந்துகொண்டிருக்கும் தோட்ட மதிலைச் சிமெண்ட் கல்லால் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை மறந்துவிடுங்கள். பழைய மதில்களைச் சுண்ணாம்புச் சாந்தில் திரும்பக் கட்டுவது நீளத்தைப் பொறுத்துப் பெருந்தொகையாகிவிடும்.

தேவாலய நிலத்தோடு தொடர்புடைய சொத்து என்பதால், தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும்படி சில நிலங்களின் உரிமையாளர் மீது சுமத்திய பழைய பொறுப்பு பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். வாரிக்‌ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ ஊரில் இப்பொறுப்பைப் பற்றிய வழக்கில், அன்று உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 2003இல் நில உரிமையாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததை மறப்பதற்கில்லை. 2013 அக்டோபர் 13க்குப் பிறகு விலை கொடுத்து வாங்குபவரை, முன்பே பதிவு செய்யப்படாத பொறுப்பு பொதுவாகக் கட்டுப்படுத்தாது. போதகர் இல்லங்களை விற்கையில் தேவாலயம் பத்திரத்தில் எழுதிவைத்த கட்டுப்பாடுகளையும், தோட்டத்துக்குள் பொது நடைபாதை செல்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கழிவுநீர் செப்டிக் டேங்கிலிருந்து நேரடியாக ஓடைக்குப் போகிறதென்றால் அது விதிமீறல். மாற்றியமைக்கும் செலவை விலையில் கழிக்கக் கேட்கலாம்.

முத்திரை வரிக்கு 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விகிதங்களின்படி 12 லட்சம் பவுண்டுக்கு 63,750 பவுண்டு வரும். ஹாரோ வீடு விற்கும் முன்பே இதை முடித்தால் கூடுதல் வீட்டுக்கான 5 விழுக்காடு, அதாவது இன்னொரு 60,000 பவுண்டு, முதலில் கட்டிவிட்டு, மூன்று ஆண்டுக்குள் பழைய வீட்டை விற்ற பின் திரும்பக் கோர வேண்டியிருக்கும். பின்னாளில் விற்கும்போது மூலதன ஆதாய வரி விலக்கு வீட்டோடு சேர்ந்த அரை ஹெக்டேர் வரைதான் தானாகக் கிடைக்கும். உங்கள் மூன்று ஏக்கரில் அது பாதிக்கும் குறைவு. எஞ்சிய நிலம், வீட்டின் அளவுக்கும் தன்மைக்கும் ஏற்ப அதை அனுபவிப்பதற்குத் தேவையானது என்று அப்போது நிறுவ வேண்டும்.

கிழக்குக்கரை எழுதுகிறார்:

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் நன்றி. எங்கள் வரவேற்பறை ஆசையை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம். கண்ணாடிக் கூடத்தில் கறிவேப்பிலை வளர்க்கும் என் திட்டத்துக்காவது மன்றம் தடை சொல்லாது என நம்புகிறேன். மூன்று ஏக்கரை நாங்கள் இருவரே பராமரிக்க முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.

நார்ஃபோக்வாசி மறுமொழி:

கறிவேப்பிலைக்குத் தடையில்லை, ஆனால் கூடத்தைக் குளிர்காலத்தில் சூடாக்க வேண்டும், கிராமத்தில் எரிவாயுக் குழாய் இல்லாவிட்டால் வீட்டையே பெரும்பாலும் எண்ணெய் எரித்துத்தான் சூடாக்க வேண்டியிருக்கும், ஆகவே செடியைச் சமையலறை ஜன்னலில் வைப்பது நல்லது. மூன்று ஏக்கரை நீங்கள் இருவர் மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது. வளர்பருவத்தில் வாரம் ஒரு நாளாவது தோட்டக்காரர் ஒருவர் வர வேண்டும், யூ வேலிக்கு ஆண்டுக்கு ஒருமுறை சாரக்கட்டோடு ஆட்கள் வர வேண்டும். இப்போது வேலை செய்பவர் யார், தொடர்ந்து வருவாரா என்று விற்பவரிடமே கேளுங்கள். எந்த வடிகால் எங்கே அடைபடும், எந்த மூலையில் என்ன கிழங்கு புதைந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தோட்டத்தில் நிற்கும் கற்சாடிகள், சூரியக் கடிகாரம், இருக்கைகள் விலையில் அடக்கமா என்பதை விற்பனையை உறுதியாக்கும் ஒப்பந்தப் பரிமாற்றத்துக்கு முன், விற்பவர் விட்டுச்செல்லும் பொருள்களைப் பட்டியலிடும் டிஏ10 படிவத்தில் ஒவ்வொன்றாக எழுதி வாங்கிவிடுங்கள்.