மறு: ‘சமூக உரமாக்கல் பயிற்சியாளர்’ சரியா?

> நியூயார்க்கில் படிக்கும் நம் மாணவர்களுக்காக ஓர் அறிவிப்பைத் தமிழாக்குகிறோம். ‘community composting apprentice’ என்பதற்கு ‘சமூக உரமாக்கல் பயிற்சியாளர் தேவை’ என்று போடலாமா?

ஐயா, வணக்கம்.

மூன்று சொல்லிலும் எனக்குத் தடை இருக்கிறது. எளியதை முதலில் முடித்துவிடுகிறேன். பயிற்சியாளர் என்றால் கிரிக்கெட் அணிக்குச் சொல்லிக்கொடுப்பவர். இங்கே வருபவர் கற்றுக்கொள்ள வருகிறார். ‘பழகுநர்’ போதும், பழகுநர் உரிமம் எடுத்து வண்டி ஓட்டிய எல்லோருக்கும் தெரிந்த சொல்தான்.

‘உரமாக்கல்’ என்றதும் யூரியா மூட்டைதான் கண்முன் நிற்கிறது. நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில் எர்த் மேட்டர் என்னும் தொண்டமைப்பு நடத்துவது போன்ற களத்தில் என்ன நடக்கிறது? வீடுகளிலிருந்து வரும் காய்கறிக் கழிவை மரச்சீவலோடும் சருகோடும் கலக்கிறார்கள். நைட்ரஜன் ஒரு பங்கென்றால் கரிமம் ஏறத்தாழ 30 பங்கு. நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குவியலில் செருகிச் சூடு பார்க்கிறார்கள். 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் நீள்குவியல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் 5 முறை கிளற வேண்டும் என்பது அங்கே வழங்கும் அளவுகோல். நோய்க்கிருமியும் களைவிதையும் சாக வேண்டுமே. மனிதர் அடுக்குகிறார், கிளறுகிறார், சலிக்கிறார். மட்கவைப்பது நுண்ணுயிர். ஆகவே ‘மட்கு’. இதையே ‘மக்கு’ என்று சுருக்கலாம் என முன்மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். ‘மக்கு மாணவர் தேவை’ என்று விளம்பரம் செய்தால் விண்ணப்பம் வருமா என்பதை அவரே சொல்லட்டும்.

இனி ‘சமூகம்’. நியூயார்க் நகராட்சியும் வீட்டு வாசலில் உணவுக்கழிவை வாங்குகிறது. அதில் ஒரு பகுதி நியூடவுன் கிரீக் கழிவுநீர் நிலையத்துக்குப் போய், சாக்கடைக் கசடோடு சேர்ந்து எரிவாயு ஆகிறது. தோட்டத்துக்குத் திரும்புவதில்லை. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: அந்தப் பேட்டையின் கழிவு, அந்தப் பேட்டையின் ஆட்களால், அங்குள்ள பூச்செடிக்கும் தெருமரத்துக்கும் மண்ணாவது. 1993 முதல் நகரமே இதற்குப் பணம் கொடுத்துவந்தது. 2023 இறுதியில் வெட்டினார்கள். பலருக்கு வேலை போனது. 2024 கோடையில் நகரமன்றம் நிதியை மீட்டுக்கொடுத்தது. நகராட்சி வாங்குவதும் இதுவும் ஒன்றே என்று எண்ணுவோருக்கு இந்தச் சண்டையே புரியாது. ‘சமூக’ என்னும் அடைமொழி அதைக் காட்டவில்லை. ‘ஊர்மட்கு’ என்கிறேன். ஊர்க்குளம், ஊர்ப்பொது போல.

---

தம்பிக்கு,

பழகுநர், மட்கு இரண்டும் சரி. ஆனால் நியூயார்க்கை ஊர் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? ‘கூட்டுமட்கு’ என்றால் பலர் கூடிச் செய்வது என்பது விளங்கும்.

---

ஐயா, தம்பி, இருவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

‘கூட்டு’ எங்களுக்குச் சரிவராது. நாங்கள் வீட்டுக் கொல்லையில் தனியாள் செய்வதையும் கூட்டெரு என்றுதான் சொல்கிறோம். பல பொருளைக் கூட்டி ஆக்குவதால் அந்தப் பெயர். எனவே ஊர்மட்குக்கே என் ஆதரவு. நியூயார்க் ஊரல்ல என்றாலும், ஒவ்வொரு பேட்டையும் ஊர்தானே?

அறிவிப்பில் இன்னோர் இடமும் இடிக்கிறது. நைட்ரஜன் மிகுந்தவற்றையும் கரிமம் மிகுந்தவற்றையும் ‘பச்சைப் பொருள், பழுப்புப் பொருள்’ என்று அப்படியே பெயர்த்திருக்கிறீர்கள். காப்பிச் சக்கை நிறத்தில் பழுப்பு. நைட்ரஜன் மிகுந்ததால் பச்சைக் கணக்கில் சேரும். புதிய மாணவர் அதைச் சருகோடு கொட்டிவிடுவார். ‘ஈரப்பொருள், சருகுப்பொருள்’ என்று மாற்றுங்கள்.

---

தம்பிக்கும் சகோதரிக்கும் வணக்கம். சகோதரி சொன்ன ஈரம், சருகு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘ஊர்மட்குப் பழகுநர் தேவை’ என்றே இன்று அனுப்புகிறேன். பேட்டை பற்றிய வாதத்தை மட்டும் ஏற்கவில்லை. சலித்தபின் சல்லடையில் தங்கும் மரத்துண்டுகளை அடுத்த குவியலில் மீண்டும் போடுகிறார்களாம். அதற்கு ‘கப்பி’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் மாலைக்குள் சொல்லுங்கள்.