விலகி வந்தவர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? ஜோன்ஸ்டவுனை வைத்து ஒரு விவாதம்

வேம்படி:

ஏதாவது ஒரு மதக்குழுவிலிருந்து வெளியே வந்தவர் வாய் திறந்தால் போதும், உடனே ஒரு பதில் வந்துவிடுகிறது: "அவனுக்கு அங்கே ஏதோ மனக்கசப்பு, அதான் சேற்றை வாரி இறைக்கிறான்." இந்தப் பதில் எத்தனை உயிரைக் குடிக்கும் என்று பார்க்க, பீப்பிள்ஸ் டெம்பிள் கதையைப் படித்தால் போதும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் 1950களில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கி, பிறகு கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன சபை அது. 1977இல் தன் ஆட்கள் நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குள் இருந்த ஜோன்ஸ்டவுன் குடியிருப்புக்குப் போனார். 1978 நவம்பர் 18 அன்று அங்கே 909 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் சயனைடால். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகள். நிலைமையைப் பார்க்கப் போயிருந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனையும் வேறு நான்கு பேரையும் அதே நாளில் போர்ட் கைட்டுமா விமான ஓடுபாதையில் சுட்டுக் கொன்றார்கள்.

இதெல்லாம் திடீரென்று நடந்ததில்லை. 1977 ஆகஸ்டிலேயே 'நியூ வெஸ்ட்' இதழில் சபையிலிருந்து விலகிய 10 பேர் சொந்தப் பெயரில், முகத்தைக் காட்டிப் பேசினார்கள். நோய் தீர்ப்பதாகக் காட்டியது நாடகம், வீடுகளை எழுதி வாங்கினார்கள், 16 வயதுப் பெண்ணைக் கூட்டத்தின் முன் நிறுத்தி மட்டையால் 75 அடி அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். 1978 ஜூனில், தப்பி வந்த டெபோரா லேட்டன் சத்தியப் பிரமாணப் பத்திரமே கொடுத்தார். அதில் 'வெள்ளை இரவு' பற்றி இருக்கிறது: நடு இரவில் எல்லாரையும் எழுப்பி வரிசையில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு சிறு குவளை சிவப்புப் பானம் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். விஷம் கலந்தது, 45 நிமிடத்தில் சாவீர்கள் என்றார்கள். நேரம் ஆனதும், இது சோதனைதான், போய்ப் படுங்கள் என்று சொல்லிவிட்டார் ஜோன்ஸ்.

ஐந்து மாதம் முன்னாலேயே எழுத்தில் வந்துவிட்டது. இனி ஒருவர் விலகி வந்து பேசினால் நாம் முதலில் அவர் பக்கம் நிற்கவேண்டும் என்பது என் கட்சி.

ஆலமரத்தான்:

வேம்படி, நடந்த கொடுமையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முடிவு தெரிந்தபின் பின்னோக்கிப் பார்த்தால் எல்லாச் சாட்சியும் உண்மையாகத்தான் தெரியும். உண்மையாகிப் போன ஒன்றை மட்டும் எடுத்து வைக்கிறீர்கள். பொய்யாகிப் போனவை?

1836இல் மரியா மாங்க் என்ற பெண், மாண்ட்ரியால் கன்னிமடத்திலிருந்து தப்பி வந்ததாகச் சொல்லி ஒரு புத்தகம் வெளியிட்டார். பாதிரியார்களின் அக்கிரமம், கொல்லப்பட்ட குழந்தைகள், நிலவறை என்று அமெரிக்கா முழுக்க விற்றுத் தீர்ந்தது. முழுப் பொய். அவர் அந்த மடத்தில் இருந்ததே இல்லை என்று பெற்ற தாயே சொன்னார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, பாஸ்டன் பக்கம் சார்ல்ஸ்டவுனில் ஒரு கன்னிமடத்தையே கும்பல் கொளுத்தியிருந்தது. அங்கேயும் மடத்திலிருந்து வெளியேறிய ஒரு பெண் சொன்ன கதைகள் ஊரெல்லாம் பரவியிருந்தன. நம் காலத்துக்கு வந்தால் மைக் வார்ன்கே. சாத்தான் வழிபாட்டுக் குழுவில் பூசாரியாக இருந்து மனம் திரும்பியதாகச் சொல்லியே 20 வருடம் மேடை ஏறினார். 1992இல் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகைதான் தோண்டித் துருவி அது கட்டுக்கதை என்று காட்டியது.

மதச் சமூகவியலில் பெரிய பெயரான பிரையன் வில்சன், விலகியவரின் சாட்சியத்தை ஆய்வாளரோ நீதிமன்றமோ அப்படியே ஏற்க முடியாது என்றே எழுதியிருக்கிறார். காரணம் எளிது. தன் பழைய வாழ்க்கையை நியாயப்படுத்த அவருக்கு ஒரு கதை தேவைப்படுகிறது.

தாமிரா:

ஆலமரத்தான் அண்ணா, மரியா மாங்க் கதை எப்படி உடைந்தது என்பதையும் சொல்லியிருக்கலாமே. நியூயார்க் பத்திரிகையாசிரியர் வில்லியம் ஸ்டோன் மாண்ட்ரியாலுக்கே போய், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மடத்தை அறை அறையாகப் பார்த்தார். அவள் சொன்ன அமைப்பும் கட்டடமும் ஒத்துப்போகவில்லை. அதோடு முடிந்தது. அவளுடைய குணத்தையும் நோக்கத்தையும் ஆராய்ந்து கொண்டிருந்தால் இன்னும் பத்து வருடம் சண்டை போட்டிருப்பார்கள். வார்ன்கே விஷயமும் அதேதான்: பழைய நண்பர்களைத் தேடிப் பிடித்துத் தேதிகளைச் சரிபார்த்தார்கள்.

ஆக, "யார் சொன்னது" என்பதை விட்டுவிட்டு "சொன்னதில் சரிபார்க்கக் கூடியது எது" என்று கேட்கவேண்டும். லேட்டன் சாதாரணப் புலம்பலையா எழுதிக் கொடுத்தார்? அவர் சபையின் நிதிப் பொறுப்பில் இருந்தவர். முதியவர்களின் அரசு ஓய்வூதியக் காசோலைகள் மாதம் சுமார் 65,000 டாலர் சபைக்குப் போவதாகச் சொன்னார். காலையில் சோறு, மதியம் கஞ்சித் தண்ணீர், இரவு சோறும் பீன்ஸும் என்று உணவைச் சொன்னார். ஆயுதக் காவலர்கள் சுமார் 50 பேர் என்றார். இதில் ஒவ்வொன்றையும் யாராவது போய்ப் பார்த்திருக்க முடியும்.

ஆலமரத்தான்:

போய்ப் பார்க்காமல் இல்லையே தாமிரா. அமெரிக்கத் தூதரகத்திலிருந்து அதிகாரிகள் ஜோன்ஸ்டவுனுக்குப் பலமுறை போயிருக்கிறார்கள். "உங்களைப் பிடித்து வைத்திருக்கிறார்களா?" என்று தனியாகக் கூப்பிட்டே கேட்டிருக்கிறார்கள். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. அந்த அதிகாரியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? வளர்ந்த மனிதர்கள் நூற்றுக்கணக்கானவர்கள் நன்றாக இருக்கிறோம் என்கிறார்கள். வெளியேறிய சிலர் இல்லை என்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். விலகியவர்களும் உறவினர்களும் 'கவலைகொண்ட உறவினர்கள்' என்ற பெயரில் சேர்ந்து நடத்திய பிரசாரம் அந்தக் குடியிருப்பை மேலும் மேலும் மூலையில் தள்ளியது. அதன் முன்னணியில் நின்ற டிம் ஸ்டோன் யார்? பல வருடம் ஜோன்ஸுக்கே வழக்கறிஞர். தன் மகனுக்கு ஜோன்ஸ்தான் தந்தை என்று 1972இல் எழுதிக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. அப்புறம் அதே குழந்தைக்காக வழக்கு. 1977 செப்டம்பரில் குழந்தையை ஒப்படைக்கச் சொல்லி கயானா நீதிமன்ற உத்தரவு வந்ததும், ஆறு நாள் முற்றுகை என்று ஊரே கத்தியும் கம்புமாக எல்லையில் நின்றது. 1978 மார்ச்சில் சபையிலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் போனது: கண்டம் கண்டமாக விரட்டப்படுவதைவிடச் சாவதே மேல் என்று. அழுத்தம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு இது அறிகுறி இல்லையா? அங்கே தன் இரு சகோதரிகளை இழந்த ஆய்வாளர் ரெபெக்கா மூர் போன்றவர்கள், வெளி அழுத்தத்தின் பங்கையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று எழுதுகிறார்கள்.

அங்கே போனவர்கள் மூடர்களும் இல்லை. பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அமெரிக்க நகரங்களில் தாங்கள் பட்ட அவமானத்துக்கு மாற்றாக ஓர் ஊரைக் கட்டப் போனார்கள். முதியோர் இல்லம், போதை மீட்பு, இலவசச் சாப்பாடு என்று அந்தச் சபை செய்ததும் உண்மை. அவர்களை வெறும் ஆட்டுமந்தையாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

வேம்படி:

ஆட்டுமந்தை என்று நான் எங்கே சொன்னேன்? நல்லவர்களாக இருந்ததால்தான் போனார்கள். அந்த நல்ல மனதைத்தான் ஜோன்ஸ் காசாக்கினார்.

அழுத்தம் கொடுத்ததால் செத்தார்கள் என்ற வாதத்தைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. வரிசையைப் பாருங்கள். கயானாவுக்குக் கூட்டமாகக் கிளம்புவதற்கு முன்பே, உறவினர் அமைப்பெல்லாம் உருவாகும் முன்பே, கலிஃபோர்னியாவில் தன் நெருங்கிய வட்டத்துக்கு வைன் கொடுத்து, குடித்து முடித்ததும் "அதில் விஷம் இருந்தது" என்று சொல்லி யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தவர் அவர். அப்போது யார் விரட்டினார்கள்? அதற்குப் பிறகும்கூட சான் ஃபிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி அவரை நகர வீட்டுவசதி ஆணையத்தில் உட்கார வைத்தாரே!

குழந்தையைக் கேட்ட தாய் மீதா பழி போடுவது? கிரேஸ் ஸ்டோன் தன் பிள்ளையைத் திருப்பிக் கேட்டார். அந்தப் பையன் 6 வயதில் ஜோன்ஸ்டவுனில் செத்தான். அவர் கேட்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

கீழவீதி:

நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி. இன்று ஒன்று மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் ஒரு சிறு ஜெபக்குழு. பெயர் வேண்டாம். அதில் பல வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். ஒவ்வொரு சனிக்கிழமையும், அந்த வாரம் மனதில் வந்த கெட்ட எண்ணங்களை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதிக் கொடுக்கவேண்டும். ஒன்றும் இல்லை என்று எழுத முடியாது, பெருமை பிடித்தவள் என்பார்கள். அதனால் இல்லாததையும் எழுதுவோம். அக்கா வீட்டுக்காரரைப் பற்றி எழுது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியே எழுத வைத்தார்கள். நான் விலகிய மாதம் அந்த நோட்டு என் அண்ணன் கைக்குப் போனது. இன்றுவரை அவர் என்னிடம் பேசுவதில்லை. அம்மா இன்னும் குழுவில்தான் இருக்கிறார்.

வேம்படி சார் சொன்ன 'நியூ வெஸ்ட்' ஆட்களைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர்களிடமும் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். செய்யாத குற்றங்களை, பெற்ற பிள்ளைகளையே சீரழித்ததாகக்கூட எழுதி வாங்கியிருக்கிறார்கள். விலகினால் காட்டுவதற்கு. ஆலமரத்தான் ஐயா, விலகியவனின் யோக்கியதையைப் பார்க்கவேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த யோக்கியதைச் சான்றிதழை எழுதி வைத்திருப்பது யார் என்றும் பாருங்கள். நாங்கள் உள்ளே இருக்கும்போதே அது தயாராகிவிடுகிறது.

லேட்டன் பேசியபோது அவருடைய தாயும் அண்ணனும் ஜோன்ஸ்டவுனில் இருந்தார்கள். பழிவாங்க நினைப்பவள் பெற்ற தாயைப் பணயம் வைத்தா பேசுவாள்?

ஆலமரத்தான்:

கீழவீதி அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். நோட்டு விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது. உங்கள் யோக்கியதையை நான் கேள்வி கேட்கவில்லை, அப்படிப் பட்டிருந்தால் வருந்துகிறேன்.

என் பயம் வேறு. விலகியவர் சொல்லே வேதம் என்று ஆகிவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் வருவார். 1970களில் அமெரிக்காவில், வயது வந்த பிள்ளைகளைப் பெற்றோரே ஆள் வைத்துக் கடத்தி, அறையில் பூட்டி, மனம் மாறும்வரை பேசிப் பேசிக் களைக்க வைத்தார்கள். அப்படி வெளியே வந்தவர்களில் சிலர் பிறகு மேடைகளில் ஒரே மாதிரி கதை சொன்னார்கள். பின்னாளில் இப்படிக் கடத்தப்பட்ட ஜேசன் ஸ்காட் என்ற இளைஞர் வழக்குப் போட்டு 1995இல் ஜெயித்தார். அவர் சேர்ந்திருந்தது சாதாரண பெந்தெகொஸ்தே சபை. இன்று ஒரு குழுவுக்கு எதிராகக் கை தட்டுகிறோம், நாளை சிறுபான்மை நம்பிக்கை எதுவானாலும் இதே ஆயுதம் பாயும்.

தாமிரா:

அந்தப் பயம் நியாயமானது அண்ணா. கடத்திப் பூட்டுவது குற்றம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தின் விலையையும் பாருங்கள்.

ஜப்பானில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக்குழு. 1989இல் அந்தக் குழுவில் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்காக வாதாடியவர் சாகாமோட்டோ என்ற வழக்கறிஞர். அவர் கொடுத்த பேட்டியை ஒளிபரப்பும் முன்பே டிபிஎஸ் தொலைக்காட்சி ஓம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டியது. சில நாட்களில் அவர், மனைவி, ஒரு வயது மகன் மூவரும் காணாமல் போனார்கள். 1990 பிப்ரவரியில் குழந்தையைப் புதைத்த இடத்துக்கு வரைபடம் ஒன்று தபாலில் வந்தது. அனுப்பியவர் ஓமிலிருந்து விலகிய ஒகாஸாகி. இவர் எப்படிப்பட்டவர்? அந்தக் கொலையைச் செய்தவர்களில் ஒருவர்! விலகும்போது குழுவையே மிரட்டிப் பணம் பறித்தவர். இதைவிட அழுக்கான நோக்கம் இருக்க முடியாது. போலீஸ் தேடியது, கிடைக்கவில்லை, விட்டுவிட்டது. 1995 மார்ச் 20இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஓம் ஆட்கள் சாரின் என்ற நச்சுப் பொருளைப் பரப்பியபின் மறுபடி தோண்டினார்கள். அந்தக் குழந்தையின் எலும்புகள் அந்தப் பகுதியிலேயே கிடைத்தன.

அதே 1995இல், சாரின் தாக்குதலுக்குப் பிறகு, கார்டன் மெல்ட்டன், ஜேம்ஸ் லூயிஸ் என்ற அமெரிக்க மத ஆய்வாளர்கள் ஓம் செலவில் டோக்கியோவுக்குப் போய், இந்தக் குழுவால் சாரின் தயாரித்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள். விலகியவனுக்கு நோக்கம் உண்டு என்றால் உள்ளே அழைக்கப்படும் விருந்தாளிக்கும் உண்டு.

ஆலமரத்தான்:

போலீஸ் தோண்டித்தானே பார்த்தது? நீங்கள் கேட்டதை அவர்கள் செய்தார்கள். கிடைக்கவில்லை. அப்படியானால் உங்கள் "சரிபார்" என்ற முறையும் தோற்கிறதே. தூதரக அதிகாரி சரிபார்த்தார், தோற்றார்.

தாமிரா:

எதைச் சரிபார்க்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. வெளியார் வரும்போது என்ன கேட்பார்கள், என்ன பதில் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே ஒத்திகை நடக்கும் என்று லேட்டன் தன் பத்திரத்திலேயே எழுதியிருந்தார். அதன் பிறகும் "சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு வருவது சரிபார்ப்பு ஆகாது. ஒத்திகை பார்க்க முடியாததைக் கேட்டிருக்கவேண்டும்: பாஸ்போர்ட்டை உன் கையில் காட்டு, ஓய்வூதியக் காசோலை எந்தக் கணக்கில் விழுகிறது, இன்று என்னோடு விமானத்தில் வர நினைப்பவர் இருந்தால் ஏறலாம்.

ரயன் செய்தது இந்தக் கடைசி ஒன்றைத்தான். நவம்பர் 17 இரவு பாட்டும் நடனமுமாக வரவேற்பு. இதுவே தங்கள் வாழ்வில் நடந்த மிக நல்ல விஷயம் என்று நினைப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று அவரே மேடையில் சொன்னார், கைதட்டல் ஓயவே இல்லை. அதே இரவில் வெர்னான் காஸ்னி என்பவர் ஒரு துண்டுச்சீட்டை என்பிசி நிருபர் டான் ஹாரிஸிடம், ரயன் என்று தவறாக நினைத்து, நீட்டினார். ஜோன்ஸ்டவுனிலிருந்து வெளியேற உதவுங்கள் என்று எழுதி இரண்டு பெயர்கள். மறுநாள் பதினைந்து பேர் அளவில் கிளம்பத் தயாரானார்கள்.

வேம்படி:

கடைசி நேரத்தில் உள்ளேயே ஒருவர் எதிர்த்துப் பேசியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தைப் பதிவு செய்த ஒலிநாடாவில் இருக்கிறது. கிறிஸ்டின் மில்லர். சாகவேண்டாம், ரஷ்யாவுக்குப் போக வழி இல்லையா, குழந்தைகள் வாழவேண்டாமா என்று கூட்டத்தின் நடுவில் எழுந்து கேட்கிறார். சுற்றியிருந்தவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். அவர் விலகியவர் இல்லை, கோபக்காரி இல்லை, பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தவரும் இல்லை. லேட்டன் சொன்னதையும் இவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் ஆலமரத்தான். விலகியவர் சொன்னது கதை என்றால், இவர் யாருக்காகக் கதை சொன்னார்?

ஆலமரத்தான்:

அந்த நாடாவை நான் கேட்டிருக்கிறேன். மில்லரைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். லேட்டனின் பத்திரத்தைத் தூதரகம் கையாண்ட விதம் தவறு, 1979இல் நாடாளுமன்றக் குழுவே அப்படித்தான் அறிக்கை கொடுத்தது.

ஆனால் முதலில் விலகியவர் பக்கம் நில் என்ற உங்கள் முதல் பதிவின் வரியை நான் ஏற்கப் போவதில்லை. தாமிரா கேட்பதுபோல் பாஸ்போர்ட்டையும் காசோலையையும் கேளுங்கள், எந்தக் குழுவானாலும் நானும் கூட வந்து கேட்கிறேன். கேட்டுப் பார்க்கும்வரை எந்தப் பக்கமும் நிற்கமாட்டேன்.

கீழவீதி:

நீங்கள் கேட்டுப் பார்க்கும்வரை ஆகும் நாட்களில், விலகியவள் எந்த வீட்டில் தங்குவாள் ஐயா? எனக்கு அப்போது கதவைத் திறந்தது பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி. அவள் எதையும் சரிபார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். விசாரணையை நிதானமாக நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. அதுவரை தங்க இடம் கொடுப்பதற்குக்கூடச் சான்று கேட்காதீர்கள்.